எம்.எஸ்ஸி. சைக்காலஜி: எந்த வேலைக்குத் தேவை, எந்த வேலைக்குப் போதாது

மே மாதம் பிறந்துவிட்டால் ஜூனியர் பிள்ளைகளிடமிருந்து எனக்கு வரும் செய்திகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "அக்கா, பி.எஸ்ஸி. சைக்காலஜி முடிச்சாச்சு. எம்.எஸ்ஸி. சேரவா, வேலைக்குப் போகவா?" சிலர் சுற்றி வளைக்காமல் கேட்பார்கள்: "எம்.எஸ்ஸி. முடிச்சா சைக்காலஜிஸ்ட் ஆயிடலாம்ல?"

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். என்ன வேலை பார்க்க ஆசை? "கவுன்சிலிங்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் பேச்சு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவது ஒரு வேலை. மருத்துவமனையில் மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவரையும் அவர் குடும்பத்தையும் பார்ப்பது வேறு வேலை. கல்லூரியில் பாடம் எடுப்பது இன்னொன்று, கம்பெனி ஹெச்.ஆரில் ஆள் தேர்வு செய்வது மற்றொன்று. ஒவ்வொன்றின் வாசலிலும் கேட்கிற காகிதம் வேறு. அதைத் தெரிந்துகொள்ளாமல் எம்.எஸ்ஸி. நல்லதா, வேண்டாமா என்று மணிக்கணக்கில் பேசலாம், முடிவு கிடைக்காது.

நான் இப்போது மதுரையில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் கவுன்சிலராக இருக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். கோவையில் பி.எஸ்ஸி. படித்தேன். முடித்த கையோடு மேற்படிப்பில் சேரவில்லை. அண்ணன் கல்யாணக் கடன் பாக்கி இருந்தது, அப்பா ஓய்வு பெறும் நேரம். வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்கான ஒரு தனியார் மையத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். மாதம் 9,000 ரூபாய். வண்ண மணி கோர்ப்பது, படம் காட்டிப் பெயர் சொல்ல வைப்பது, ஓடுகிற பிள்ளையைப் பிடித்து உட்கார வைப்பது, அன்றன்றைக்கு நடந்ததை நோட்டில் எழுதுவது, இவைதான் என் வேலை. ஒரு வருடத்துக்குச் சற்று மேல் அங்கே இருந்தேன். எம்.எஸ்ஸி. பற்றி நான் தெரிந்துகொண்டதில் முக்கால்வாசி அங்கேதான் கிடைத்தது, கல்லூரியில் அல்ல.

அங்கே எம்.எஸ்ஸி. முடித்த அக்கா ஒருவர் இருந்தார். குழந்தைக்கு நுண்ணறிவுச் சோதனை எடுப்பது அவர். பினே காமத், விஸ்க், மாலின்ஸ் என்று அந்தச் சோதனைகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. மதிப்பெண் போடுவதும் அறிக்கை எழுதுவதும் அவர்தான், அம்மா அப்பாவை உட்கார வைத்து விளக்குவதும் அவர்தான். ஆனால் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து அவருடையது அல்ல. வாரத்தில் இரண்டு நாள் வரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மேடம் ஒருவர் குழந்தையைத் தானும் பார்த்து, தாளைச் சரிபார்த்துக் கையெழுத்து போட்டு, கீழே தன் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு மன்றம்) பதிவு எண்ணை எழுதுவார். அந்த எண் இருந்தால்தான் பள்ளியிலும் சான்றிதழ் வாங்கும் இடத்திலும் அந்தத் தாளுக்கு மதிப்பு.

சம்பளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்ஸி. அக்காவுக்கு என்னைவிடச் சில ஆயிரம்தான் அதிகம். பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து பார்க்கிற என் வேலையிலிருந்து மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்காரும் வேலைக்கு எம்.எஸ்ஸி. அவரைக் கொண்டுபோயிருந்தது. கையெழுத்துக்குக் கொண்டுபோகவில்லை.

இதற்குப் பின்னால் இருப்பது சட்டம். இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் 1992-இல் வந்தது. ஆர்.சி.ஐ. என்று நாங்கள் சொல்வது இந்த மன்றத்தைத்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டியவர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் அவர் யார் என்று வரையறுத்திருக்கிறது: ஆர்.சி.ஐ. அங்கீகரித்த நிறுவனத்தில் கிளினிக்கல் சைக்காலஜியில் அங்கீகரிக்கப்பட்ட தகுதி பெற்றவர், அல்லது சைக்காலஜியில் முதுகலையும் அதற்கு மேல் மேற்பார்வையோடு மருத்துவப் பயிற்சி உள்ள இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். பட்டமும் வைத்திருப்பவர். முதுகலை இங்கே கடைசிப் படி அல்ல, அடுத்த படிக்கான நுழைவுச் சீட்டு.

நம்மூரில் நிறையப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில். பல கல்லூரிகள் "எம்.எஸ்ஸி. கிளினிக்கல் சைக்காலஜி" என்ற பெயரிலேயே படிப்பு நடத்துகின்றன. பட்டத்தில் கிளினிக்கல் என்று அச்சடித்திருப்பதால் படித்து முடித்தவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட மாட்டார். அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, அந்தக் குறிப்பிட்ட கல்லூரிக்கு ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. சேர்க்கை அலுவலகத்தில் "அதெல்லாம் இருக்கு, இருக்கு" என்பார்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இதெல்லாம் தெரிந்தும் நான் ஏன் எம்.எஸ்ஸி. சேர்ந்தேன்?

அப்போது என் முன்னால் மூன்று வழி இருந்தது. அண்ணன் எம்.பி.ஏ. படி என்றான். ஹெச்.ஆரில் போய்விடலாம், சம்பளம் நன்றாக இருக்கும் என்பது அவன் கணக்கு. தப்பான கணக்கு இல்லை, எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது, வேலையில் இருந்துகொண்டே அஞ்சல்வழியில் எம்.எஸ்ஸி. முடிப்பது. செலவு குறைவு, சம்பளமும் நிற்காது. மூன்றாவது, வேலையை விட்டு முழுநேரமாகப் படிப்பது.

என் கல்லூரித் தோழி ஒருத்தி அஞ்சல்வழியைப் பிடித்தாள். அவள் அப்போதே ஒரு ஐ.டி. கம்பெனியின் ஹெச்.ஆர். பிரிவில் இருந்தாள். பதவி உயர்வுக்கு முதுகலை வேண்டும், எந்த வழியில் படித்தாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அவளுக்கு அது சரியான முடிவு. எனக்கு ஒத்துவராது என்று தோன்றியதற்கு ஒரே காரணம், மையத்தில் அந்த அக்கா குழந்தையின் முன்னால் உட்கார்ந்த விதம். அதைப் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது என்று தினமும் கண்ணால் பார்த்திருந்தேன். அரசு உதவி பெறும் பிரிவில் இடம் கிடைத்தது, கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரங்களோடு முடிந்தது. அதே படிப்புக்கு சுயநிதிப் பிரிவில் கேட்ட தொகையைக் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றிருந்தால் நான் சேர்ந்திருக்க மாட்டேன். இதை ஜூனியர்களிடம் ஒளிக்காமல் சொல்வேன். எம்.எஸ்ஸி. முடித்தவுடன் கிடைக்கும் முதல் சம்பளத்தில் பெரிய கல்விக் கடனுக்குத் தவணை கட்டுவது கஷ்டம்.

அந்த இரண்டு வருடத்தில் தியரி வகுப்புகளில் பாதி, பி.எஸ்ஸி.யில் படித்ததன் பெரிய எழுத்துப் பதிப்பு. ஆளுமைக் கோட்பாடுகள் மறுபடி, புள்ளியியல் மறுபடி. காசு கொடுத்தாலும் வெளியே கிடைக்காதது செய்முறைதான்.

செகுவின் பலகை என்று ஒன்று உண்டு. பத்து மரக்கட்டை வடிவங்கள், அவற்றுக்கேற்ற பத்துக் குழிகள் உள்ள பலகை. குழந்தை மூன்று முறை வைக்கும், ஸ்டாப்வாட்சில் நேரம் பார்ப்போம், மூன்றில் குறைந்த நேரத்தை எடுத்து அட்டவணையில் மனவயது பார்ப்போம். செய்முறை விளக்கத்தைப் பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். ஒரு சிறப்புப் பள்ளிக்கு எங்களை அனுப்பியபோது, முதல் குழந்தை நட்சத்திரக் கட்டையை எடுத்து வாயில் வைத்தது. இரண்டாவது குழந்தை ஒவ்வொரு கட்டைக்கும் அம்மா முகத்தைப் பார்த்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை, கண்ணாலேயே குழியைக் காட்டிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற எங்கள் மேடம் வந்து, "அம்மா, இந்த நாற்காலில உட்காருங்க" என்று அவரைக் குழந்தையின் முதுகுப் பக்கம் மாற்றி உட்கார வைத்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "முதல் முறை நேரத்தோட பக்கத்துல, அம்மா உதவி இருந்ததுன்னு குறிச்சு வை" என்றார். இப்படி ஒரு ஆள் பின்னால் நின்று பார்ப்பதற்குத்தான் முழுநேரப் படிப்பு. அஞ்சல்வழியிலும் செய்முறை என்று உண்டு, ஆனால் தோழி ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமைகளில் ரெக்கார்ட் நோட்டை முடித்துவிட்டதாகச் சொன்னாள்.

இன்னொன்று வெர்பேட்டிம். முதல் வருட இளங்கலை மாணவர் யாராவது ஒருவரிடம் சம்மதம் வாங்கி, அரை மணி நேரம் பேசி, அதை ஃபோனில் பதிவு செய்து, ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும். அவர் சொன்னது ஒரு பத்தியில், நான் சொன்னது அடுத்த பத்தியில், அந்த நேரம் என் மனதில் ஓடியது மூன்றாவது பத்தியில். மௌனமாக இருந்தால் எத்தனை நொடி என்று எழுத வேண்டும். அரை மணிப் பேச்சை எழுத ஒரு முழு ராத்திரி ஆகும். எங்கள் வகுப்பில் எல்லோர் தாளிலும் சிவப்பு வட்டம் விழுந்தது ஒரே மாதிரி வாக்கியங்களில்தான். "கவலைப்படாதீங்க", "எல்லாம் சரியாயிடும்", "அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது". ஒரு பையன் "வீட்டுல யாரும் எங்கிட்ட பேசுறதில்ல" என்று சொல்லியிருக்கிறான், உடனே அடுத்த வரியில் "அப்படியெல்லாம் இருக்காதுப்பா" என்று பதில். மேடம் வட்டத்துக்குப் பக்கத்தில் எழுதியது ஒரே கேள்வி: "இது யாருடைய நிம்மதிக்கு?" நம் வீடுகளில் துக்கம் சொல்கிறவருக்கு நாம் உடனே ஆறுதல் சொல்லித்தான் பழக்கம். அந்தப் பழக்கம் விட்டுப்போக ஒரு செமஸ்டர் முழுக்க ஆயிற்று. இன்றைக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை என் அறைக்கு வந்து தலையைக் குனிந்து உட்கார்ந்தால் நான் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க முடிகிறது என்றால், அந்த சிவப்பு வட்டங்கள்தான் காரணம்.

ஆகவே என் கருத்து இதுதான்: எம்.எஸ்ஸி.யை பட்டத்துக்காக வாங்காதீர்கள், உங்கள் வேலையைப் பார்த்துத் திருத்த ஒரு ஆள் கிடைப்பதற்காக வாங்குங்கள். அந்த ஆள் இல்லாத கல்லூரியில் சேர்ந்தால் இரண்டு வருடமும் கட்டணமும் போய் காகிதம் மட்டும் மிஞ்சும். காகிதம் மட்டும் போதும் என்கிற வேலைகளும் உண்டு. அவற்றுக்குப் போகிறவர் மலிவான வழியைத் தேடுவதில் குற்றமில்லை.

எம்.எஸ்ஸி. முடித்ததும் எம்.ஃபில். நுழைவுத் தேர்வு எழுதினேன். பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி சி.ஐ.பி., சென்னை ஸ்ரீராமச்சந்திரா என்று எங்கள் வகுப்பே விண்ணப்பம் போட்டது. ஓர் இடத்தில் ஒரு வருடத்துக்குச் சேர்ப்பது ஒரு சிறு வகுப்பறைகூட நிறையாத ஆட்களை, எழுதுகிறவர்களோ நாடு முழுவதிலிருந்தும். எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் மறுபடி எழுது என்றார்கள். அதற்கிடையே ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இன்டர்ன்ஷிப் செய்தேன். புறநோயாளி வரிசையில் நின்று கேஸ் ஹிஸ்டரி எழுதுவேன். தூக்கம் எப்படி, பசி எப்படி, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, மருந்து எப்போது நிறுத்தினார்கள். வேலை பிடித்திருந்தது. ஆனால் வார்டில் பார்த்ததைவிட, பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு வந்து நின்ற பிள்ளைகள்தான் வீட்டுக்குப் போன பிறகும் நினைவில் இருந்தார்கள். இவர்களை இரண்டு மூன்று வருடம் முன்னாலேயே யாராவது பார்த்திருக்கலாமே என்று தோன்றும். அதனால் பள்ளி வேலையைத் தேடினேன். மறுபடி நுழைவுத் தேர்வு எழுதவில்லை. எம்.ஃபில். போன வகுப்புத் தோழர்கள் இரண்டு பேர் இன்று என்னைவிட நிறையச் சம்பாதிக்கிறார்கள், அறிக்கையில் அவர்கள் கையெழுத்து போடுகிறார்கள். எனக்குத் தேவைப்படும்போது பிள்ளைகளை அவர்களிடம்தான் அனுப்புகிறேன்.

பள்ளி வேலைக்கு எம்.எஸ்ஸி. கண்டிப்பாக வேண்டுமா? சி.பி.எஸ்.இ. விதிப்படி இளங்கலை சைக்காலஜியோடும் கவுன்சிலர் ஆக வழி இருக்கிறது. ஆனால் நேர்காணலுக்கு வந்து உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் முதுகலை முடித்தவர்கள், ஆகவே நடைமுறையில் வேண்டும். சேர்ந்த பிறகு சில இடங்களில் உங்களை ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள், ஆண்டு விழா ஒருங்கிணைப்பும் தலையில் விழும். வேலையில் சேரும்போதே உங்களுக்கென்று கதவு மூடக்கூடிய ஒரு அறை உண்டா என்று கேளுங்கள். அறை இல்லாத பள்ளியில் பிள்ளை நடைபாதையில் நின்றுகொண்டு எதைச் சொல்லும்? என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் வழிகாட்டுதல் மற்றும் ஆலோசனை டிப்ளமோ இந்த வேலைக்கு நல்ல துணை. என் கூட வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் அதை முடித்துவிட்டு வந்தபின் பிள்ளைகளிடம் பேசும் முறையே மாறிவிட்டது.

கல்லூரி ஆசிரியர் ஆக வேண்டுமா, அங்கே சந்தேகமே இல்லை. முதுகலையில் 55 சதவீதம், அப்புறம் நெட் அல்லது செட் என்கிற தகுதித் தேர்வு. ஹெச்.ஆர்., பயனர் ஆய்வு மாதிரி வேலைகளில் எம்.எஸ்ஸி. உதவும், இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. அங்கே அனுபவமும் எக்ஸெலும் பேசும். இங்கிலாந்து போய் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆவேன் என்கிறவர்கள், அங்கே அந்தப் பெயருக்கு மூன்று வருட முனைவர் படிப்பு வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு புறப்படுங்கள். ஏஜென்ட் விற்கிற ஒரு வருட மாஸ்டர்ஸ் அதற்குச் சமம் ஆகாது.

இனி சமீபத்து மாற்றங்கள். நான் படித்தபோது இருந்த வரைபடம் இப்போது இல்லை. 2022-இல் யு.ஜி.சி. எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு கொடுத்தது. அதன் இடத்தில் ஆர்.சி.ஐ. தானே நான்கு வருட பி.எஸ்ஸி. ஹானர்ஸ், இரண்டு வருட எம்.ஏ., அதற்கு மேல் சை.டி. என்கிற முனைவர் படிப்பு என்று புதிய வரிசை ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. ஆக, மருத்துவமனைப் பக்கம் போக நினைப்பவர்கள் சாதாரண எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு எம்.ஃபில். பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கை வைத்துக்கொண்டு சேரக் கூடாது. முதுகலையில் சேரும்போதே ஆர்.சி.ஐ. வரிசையில் சேருகிறோமா, வெளியே நிற்கிறோமா என்று பார்த்துவிட வேண்டும்.

அஞ்சல்வழிக் கதவும் மூடிவிட்டது. சுகாதாரத் துணைப் பணிகளுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைதூர, ஆன்லைன் வழியில் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லி, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியும் அதில் அடங்கியது. என் தோழி போன வழியில் இன்று ஒருவர் போக முடியாது. இதனால் கஷ்டப்படுவது வேலை பார்த்துக்கொண்டே படித்த பெண்களும் சின்ன ஊர்க்காரர்களும்தான். மேற்பார்வை இல்லாமல் மனநல வேலைக்கு வரக் கூடாது என்பது நியாயம்தான், ஆனால் அரசுக் கல்லூரிகளில் முழுநேர இடங்களைக் கூட்டாமல் ஒரு கதவை மட்டும் சாத்தியது எனக்கு உடன்பாடில்லை. அதே 2021 சட்டத்தில் சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர் போன்றோருக்குப் பதிவும் உண்டு. இன்று யார் வேண்டுமானாலும் கவுன்சிலர் என்று பலகை மாட்டலாம். அந்தப் பதிவு முழுதாக நடைமுறைக்கு வந்தால் ஆறு வார ஆன்லைன் சான்றிதழை நம்பியிருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

தேவை கூடிக்கொண்டு வருகிறது என்பதும் உண்மை. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள கவுன்சிலர், சைக்காலஜிஸ்ட் அல்லது சமூகப்பணியாளர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ், அதாவது 14416 என்ற எண்ணில் இயங்கும் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவை, நாடு முழுக்க ஆட்களை எடுத்தது. இடங்கள் வருகின்றன. சம்பளம் அந்த வேகத்தில் வரவில்லை.

கல்லூரி தேடுகிறவர்களிடம் நான் சொல்வது, துறைத் தலைவரைப் பார்க்கும் முன் அங்கே இரண்டாம் வருடம் படிக்கும் பிள்ளை ஒருவரைப் பிடியுங்கள் என்று. டீக்கடையில் வைத்துக் கேட்டால் போதும். போன செமஸ்டரில் எத்தனை பேரிடம் நேரடியாக உட்கார்ந்து பேசினாய்? நீ எழுதிய அறிக்கையை யார் படித்தார்கள், திருத்தித் திருப்பிக் கொடுத்தார்களா? சோதனைப் பெட்டிகள் அசலா, ஜெராக்ஸா, பூட்டிய அலமாரியில் இருக்கிறதா, கையில் கொடுக்கிறார்களா? இன்டர்ன்ஷிப் இடத்தைத் துறை பிடித்துத் தருகிறதா, நீயே அலைந்தாயா? இந்தக் கேள்விகளுக்கு அந்தப் பிள்ளை சிரித்து மழுப்பினால் அடுத்த கல்லூரிக்குப் பேருந்து ஏறிவிடலாம்.

போன மாதம் கேட்ட ஒரு பெண்ணுக்கு, தேனிக்காரி, இன்னும் எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. அவளிடம் ஒரு வருடம் எங்காவது உதவியாளராக வேலை பார்த்துவிட்டு வா என்றேன். வீட்டில் அம்மா ஒப்புக்கொள்ளவில்லையாம், இடைவெளி விட்டால் படிப்பு விட்டுப்போகும், கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிடும் என்று பயம். அது நியாயமான பயம், நான் மறுத்துப் பேசவில்லை. அதனால் அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கு மட்டும் விண்ணப்பம் போட்டுவிட்டு, முடிவு வரும்வரை இந்தக் கோடையில் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு சிறப்புப் பள்ளியில் போய் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள். எந்தப் பள்ளி என்று இன்று காலை செய்தி அனுப்பினாள். அங்கே இருக்கிறவர் என்ன படித்திருக்கிறார், அறிக்கையில் யார் கையெழுத்து போடுகிறார் என்று முதல் வாரத்திலேயே கேட்டு வை என்று பதில் போட்டிருக்கிறேன்.